மேற்குப் பார்த்த வாசல்

அப்பா போன பிறகு அம்மா கோபிசெட்டிபாளையத்தில் இருந்த ஓட்டு வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு கோவைக்கு வந்துவிட்டார். அப்போது நாங்கள் இருந்தது வாடகை வீடு. தெருவிலேயே எடுப்பான வீடு என்று அதற்குப் பேர். முன்பக்கம் பாதிக்கு மேல் நீலக் கண்ணாடி, பக்கத்தில் சாம்பல் நிற ஏ.சி.பி. என்கிற அலுமினிய ஷீட், இரண்டுக்கும் நடுவே தரையிலிருந்து மாடி வரை ஓடும் மரக்கலர் பட்டை. வந்த மறுநாள் சாயங்காலம் அம்மா வாசலுக்குப் போய் உட்கார இடம் தேடினார். படியில் உட்கார்ந்தால் பளபளப்பான கருப்பு கிரானைட் சுட்டது. கதவுக்கு முன்னால் ஷூ ஸ்டாண்டு போக ஒரு ஆள் நிற்கத்தான் இடம். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், காருக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்த இரண்டடிச் சந்தில் போட்டு உட்கார்ந்தார். கேட்டைத் தகடு வைத்து அடைத்திருந்ததால் தெருவும் தெரியாது. உள்ளே இருந்து பார்த்தபோது அவருடைய தலை மட்டும் காருக்கு மேலே தெரிந்தது.

நாற்பது வருஷம் திண்ணையில் உட்கார்ந்து தெருவோடு பேசிக்கொண்டிருந்தவர். அந்தத் தலையைப் பார்த்த அன்றைக்கே, சொந்த வீடு கட்டினால் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது எனக்கு முடிவாகிவிட்டது.

மனை மதுக்கரைப் பக்கம். 5 சென்ட். தெருவை ஒட்டி 40 அடி, உள்ளே 54½ அடி, மேற்குப் பார்த்தது. வாங்கும்போதே சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "மேக்க பார்த்ததுங்களா? பொழுது சாயற வரைக்கும் வெயிலு மொகத்துலயே அடிக்குமே" என்றார் ஒரு மாமா. அவர் சொன்னது பொய் இல்லை. வெயிலோடு காற்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம். ஆனியில் தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்று கதவை அறையும், கொடியில் காயும் துணியை அடுத்த மனைக்குக் கொண்டுபோகும், புழுதியை வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். கோவைக்குக் குளிர்ச்சி என்று பேர் வாங்கிக் கொடுத்ததும் அதே காற்றுதான். ஆக, எங்கள் வீட்டின் முகத்துக்கு இரண்டு வேலை. வெயிலை நிறுத்த வேண்டும், காற்றை விட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வருகின்றன.

முதலில் எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்பை, டிசைன் செய்து தருகிற ஒருவரிடம் போனோம். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். ஒரு வாரத்தில் மூன்று த்ரீ-டி படங்கள் வந்தன. மூன்றிலும் வானம் நீலம், புல் பச்சை, வெள்ளைப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தாற்போல் வீடு. முதல் மாடியில் மேற்கே முழுக் கண்ணாடி. நானும் என் வீட்டுக்காரரும் ராத்திரி வெகு நேரம் அந்தப் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசையாகத்தான் இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செருப்பு எங்க கழட்டறது?" என்று கேட்டார்.

படத்தில் செருப்பு இல்லை. அன்றைக்கு ராத்திரியே ஒரு தாளை எடுத்து, வாடகை வீட்டின் முன்பக்கம் உண்மையிலேயே என்னென்ன இருக்கின்றன என்று எழுதினேன். இ.பி. மீட்டர் பெட்டி. ஏ.சி.யின் வெளி யூனிட் இரண்டு. மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய். காலியான கேஸ் சிலிண்டர். துடைப்பம், மாப்பு, கோலமாவு டப்பா. பால் பை மாட்டுகிற கொக்கி. ஈரக் குடை. ஆறு பேருடைய செருப்பு. பையனின் சைக்கிள். இவை ஒன்றுகூட அந்த மூன்று படங்களில் இல்லை. வீடு கட்டி முடித்துக் குடிவந்த முதல் வாரத்திலேயே இவை எல்லாம் அந்தப் படத்தின்மேல் வந்து ஏறி உட்காரும். அப்புறம் நாலு லட்சம் செலவழித்துச் சுவரில் அலங்காரமாக ஒட்டிய கிளாடிங் கேஸ் சிலிண்டருக்குப் பின்புறத் திரையாக நிற்கும். ஒரு வீட்டின் முன்பக்கத்தை வரைகிறவர் முதலில் இந்தத் தாளை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் மீட்டருக்கும் சிலிண்டருக்கும் தென்பக்கச் சுவரில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு மாடம் விட்டு ஜன்னல் போலக் கம்பிக் கதவு போட்டோம். குடைக்கும் துடைப்பத்துக்கும் திண்ணைக்கு அடியில் ஒரு பொந்து. செலவு மிகக் கம்மி, நிம்மதி அதிகம்.

ஏ.சி.பி. ஷீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு அடைப்பு இருக்கும். விலை மலிவான ஷீட்டில் அது வெறும் பாலிஎத்திலின். தீப்பிடித்தால் உருகி எரியும். 2017-இல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடியில் 72 பேர் இறந்த தீ, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த இந்த வகை ஷீட்டைப் பற்றிக்கொண்டுதான் மேலே மேலே ஏறியது. நம் தெருக்களில் மின் மீட்டர் பெட்டியைச் சுற்றியே இதை ஒட்டுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தீயைத் தாங்குகிற ரகமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படங்களை அப்படியே வைத்துவிட்டு, பங்குனி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மனைக்குப் போனோம். ஒரு நீளமான மூங்கிலை நட்டு, அதன் நிழலை மணிக்கு ஒருமுறை சுண்ணாம்பால் குறித்தோம். நாள் முழுக்க அங்கேயே இருந்தோம். நாலரை மணிக்கு நிழல் மூங்கிலைப் போல இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது சூரியன் தரையிலிருந்து 30 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது. இதை வைத்துக் கணக்குப் போட்டால், மேற்கு ஜன்னலுக்கு மேலே வழக்கமாக வைக்கிற 2 அடி சன்ஷேடு அந்த நேரத்தில் எவ்வளவு நிழல் தரும் தெரியுமா? ஒரு அடி சொச்சம். நாலரை அடி ஜன்னலில் மீதி மூன்றேகால் அடியும் வெயில்தான். 7 அடிக் கதவை முழுக்க மறைக்க வேண்டுமானால் சன்ஷேடு 12 அடி நீட்ட வேண்டும். யாராலும் முடியாது. மேற்கு வெயிலைத் தலைக்கு மேலே எதையும் நீட்டித் தடுக்க முடியாது, எதிரே ஒன்று நிற்க வேண்டும். ஒன்று மரம், இல்லை சுவர்.

வடக்கும் தெற்கும் இவ்வளவு தொந்தரவு இல்லை. கோவை ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நடுப்பகல் வெயில் நமக்கு வடக்கிலிருந்துதான் விழுகிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று சன்ஷேடு இல்லாமல் விட்டுவிடுகிறார்கள், சித்திரையில் திண்டாடுகிறார்கள். உச்சிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற வெயில் அது. 2 அடி சன்ஷேடு நடுப்பகலுக்குத் தாராளம். மார்கழியில் தெற்கிலிருந்து சாய்ந்து விழுகிற வெயில் வீட்டுக்குள் வந்தாலும் இதமாகத்தான் இருக்கும்.

ஆக, எதிரே நிற்கிற சுவர். ஆனால் அது காற்றை மறிக்கக் கூடாது. இங்கேதான் எனக்குத் திருவனந்தபுரம் ஞாபகம் வந்தது. தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சிவப்பு உருளை மாதிரி, உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் தரை, சுவர் முழுக்க சின்னச் சின்ன ஓட்டைகள். கல்யாணமான புதிதில் அங்கே ஒரு மத்தியானம் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே கண்ணைக் கூசுகிற வெளிச்சம், உள்ளே மேஜைமேல் பொடிப்பொடியாக விழுந்த வெளிச்சம். பேக்கர் 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர், 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே காற்று நிற்க இடம் விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டு முறையை ஊரெங்கும் பரப்பியவர் அவர்தான். அதில் செங்கல் கால்வாசி மிச்சம், சுவரும் அவ்வளவாகச் சூடு கடத்தாது. அவருடைய ஜாலிச் சுவர் அதைவிட எளிமை. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குவது, அவ்வளவே.

அவ்வளவே என்று சொல்லிவிட்டேன், ஆனால் அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் ஜாலிச் சுவரின் கனம் 9 அங்குலம். ஓட்டையின் உயரம் ஒரு செங்கல் வரி, 3 அங்குலம். ஆழம் ஒன்பது, உயரம் மூன்று என்றால், சூரியன் 18 டிகிரிக்கு மேலே இருக்கிற வரைக்கும் ஒரு கீற்றுக்கூட நேராக உள்ளே வர முடியாது. பங்குனியில் அந்த உயரத்துக்குச் சூரியன் இறங்க மாலை ஐந்தேகால் ஆகிவிடும். அதுவரை காற்று மட்டும் உள்ளே வரும். அதற்குப் பிறகு வருகிற மஞ்சள் வெயில் திண்ணைமேல் காசுகளைக் கொட்டினாற்போல் விழும். இப்போது லேசர் கட்டிங் என்று 2 மில்லிமீட்டர் தகட்டில் பூவும் இலையும் வெட்டி வீட்டின் முகத்தில் மாட்டுகிறார்கள். அழகுதான். ஆனால் தகட்டுக்கு ஆழம் கிடையாது. வெயில் அதில் நேராகப் புகுந்து வரும், தகடும் சுடும். ஜாலி என்பது ஓட்டையின் வடிவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஓட்டையின் ஆழம் என்று காலி மனையில் மூங்கில் நட்ட பிறகுதான் விளங்கியது.

செங்கல் எங்கிருந்து வருகிறது என்பதும் மனசை அரித்த ஒரு கேள்வி. கோவையில் வீடு கட்டியவர்களுக்குத் தடாகம் கல் என்றால் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், யானைகள் நடமாடும் பள்ளத்தாக்கில், செம்மண்ணைப் பனைமர உயரத்துக்குத் தோண்டி எடுத்துச் சுட்ட கல். அங்கிருந்த சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. பூசாத செங்கல் சுவர் இப்போது நாகரிகம். பூச்சுச் செலவு இல்லை, பெயின்ட் செலவு இல்லை, மண்ணுக்கு இணக்கம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த மண் எந்த மலையடியிலிருந்து வந்தது என்று கேட்காமல் அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. உள்சுவர்களுக்கு, அனல்மின் நிலையச் சாம்பலில் செய்கிற ஃப்ளை ஆஷ் கல் வைத்தோம். ஜாலிக்கும் திண்ணைக்கும், தாராபுரம் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டின் கல்லை வாங்கினோம். கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டவே ஆள் கூலி தனியாகப் போனது. ஜாலியில் வரிக்கு வரி நிறம் மாறுகிறது. அதை யாராவது கேட்டால் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இனி திண்ணை.

திண்ணை கட்டுகிற அன்றைக்கு மேஸ்திரி, "எத்தன உசரம் வெக்கலாங்க்கா?" என்று கேட்டார். "ஒன்றரை அடி" என்றேன். எல்லாரும் சொல்கிற அளவு அதுதானே. அவர் டேப்பை எடுக்கவில்லை. "உக்கார்றது யாருங்க?" என்றார். நான் அம்மாவைக் காட்டினேன்.

கலவை இல்லாமல் ஐந்து வரி கல் அடுக்கி, மேலே ஒரு சாக்கை மடித்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அம்மா உட்கார்ந்தார். "இப்ப எந்திரிங்க." எழும்போது அம்மாவின் வலது கை தானாக முழங்காலுக்குப் போனது. மேஸ்திரி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு வரி அடுக்கினார். இப்போது சுலபமாக எழ முடிந்தது, ஆனால் உட்கார்ந்தால் குதிகால் தரையில் படவில்லை. "ரெண்டுக்கும் நடுவாப்பல" என்று சொல்லிக்கொண்டே தரையில் குச்சியால் கணக்கு எழுதினார். "கலவையோட கட்டுனா வரிக்கு மூணரை இஞ்சு. நாலு வரி பதினாலு. மேல கான்கிரீட்டும் ரெட் ஆக்சைடும் ரெண்டரை. பதினாறரை. சரியா வரும் பாருங்க."

அதோடு விடவில்லை. அம்மாவைச் சம்மணங்கால் போட்டு உட்காரச் சொல்லி, முதுகு சுவரில் சாய, முழங்கால் வெளியே தள்ளாமல் இருக்க எவ்வளவு அகலம் வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். 2½ அடி வந்தது. அடிவரிக் கல்லை மட்டும் 3 அங்குலம் உள்ளே தள்ளி வைத்தார். ஏன் என்று கேட்டேன். "எந்திரிக்கறப்போ பாதத்த உள்ள இழுத்துத்தானுங்க எந்திரிப்போம். செவுரு முட்டுனா எப்புடி இழுக்கறது?" வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். ஆமாம், பாதம் பின்னால் போகிறது. நாற்பத்தாறு வருஷமாக இதைக் கவனிக்காமலே எழுந்துகொண்டிருந்திருக்கிறேன். விளிம்பை அரைவட்டமாக மழுக்கினார், தொடைக்கு அடியில் வெட்டாமல் இருக்க. மேல்பரப்புக்குத் தெருப்பக்கமாகக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்தார், சாரல் அடித்தால் தண்ணீர் நிற்காமல் இருக்க. நீளம் 7 அடி. ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம்.

திருக்கோவலூரில் ஒரு மழை ராத்திரி முதலாழ்வார்கள் மூவரும் ஒரு வீட்டின் இடைகழியில், அதாவது ரேழியில், ஒதுங்கிய கதையை அம்மா அடிக்கடி சொல்வார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொண்டே போனார்களாம். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குகிறார். யார் என்று பார்த்தால் பெருமாள். சின்ன வயதில் எனக்கு அது சாமி கதை. இப்போது கேட்டால், அந்த இடைகழியைக் கட்டியவர் எத்தனை அடிக்கு எத்தனை அடி விட்டிருப்பார் என்று கை அளக்கப் பார்க்கிறது.

பழைய திண்ணை எல்லாருக்கும் திறந்திருந்தது என்று நான் எழுத மாட்டேன். யார் ஏறி உட்காரலாம், யார் கீழே நின்று பேச வேண்டும் என்பது ஒவ்வொரு ஊரிலும் சாதிக் கணக்காகத்தான் இருந்தது. எங்கள் கோபி வீட்டிலும் அப்படித்தான். தாத்தா காலத்தில் பகலில் அந்தத் திண்ணை ஆண்களுடையது. பாட்டி பொழுது இறங்கிய பிறகுதான் வெளியே வருவாராம். திண்ணையைத் திருப்பிக் கொண்டுவரும்போது இதை மறந்துவிட்டு வெறும் தூண்களையும் ஓடுகளையும் மட்டும் கொண்டுவந்தால் அது அலங்காரம். எங்கள் வீட்டில் திண்ணைக்கும் தெருவுக்கும் நடுவே மூன்றரை அடி காம்பவுண்ட் சுவரும் கம்பி கேட்டும்தான். கேட்டின் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் எட்டும். கூரியர் தம்பிகள் மழைக்கு ஒதுங்குகிறார்கள். குப்பை எடுக்க வருகிற அக்கா பதினோரு மணிக்கு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவார். முதல் நாள் அவர் தரையில் உட்காரப் போனார். அம்மாதான் கையைப் பிடித்து மேலே உட்கார வைத்தார். எனக்குத் தெரிந்து அம்மா தன் மாமனார் வீட்டுத் திண்ணையில் செய்யாத காரியம் அது.

முன்வாசல் தரைக்கு இன்டர்லாக் பேவர் கல் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. அம்மா ஒரே ஒரு ஆட்சேபம் சொன்னார். பேவரில் கோலம் நிற்காது. இணைப்புக் கோடுகள் புள்ளியை விழுங்கிவிடும், இழை வளைகிற இடத்தில் மாவு சந்துக்குள் இறங்கிவிடும். அதனால் கேட்டுக்கு உள்ளே 5 அடிக்கு 5 அடி வெறும் சிமென்ட் தளம், இழைக்காமல் சொரசொரப்பாக விட்டது. மார்கழியில் ஊருக்கே தெரிகிற மாதிரி கோலம் விழுகிறது. கார் நிற்கிற இடத்தில் ஓட்டை வைத்த புல் பேவர், அதற்கு அடியில் ஜல்லியும் மணலும். போர்ட்டிகோ போடவில்லை. இரும்புக் குழாயில் பந்தல் மாதிரி நாட்டி ரங்கூன் மல்லி ஏற்றியிருக்கிறோம். பெர்கோலா என்று கான்கிரீட் விட்டம் மட்டும் போட்டு விட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடி ஏறாத பெர்கோலா வரி வரியாக வெயில்தான் தரும். அதன் கீழே நின்று பாருங்கள், தெரியும்.

படிக்கட்டு பற்றிச் சுருக்கமாக. தெருவுக்குத் தார் போடப் போட உயர்ந்துகொண்டே போவதால் எல்லாரும் தரைமட்டத்தை மூன்று நாலு அடி தூக்கிவிடுகிறார்கள், அதற்காகத் தெருவில் சாக்கடையை மூடிச் சாய்தளம் போடுகிறார்கள். நடக்கிறவருக்கும் இடைஞ்சல், தண்ணீருக்கும் இடைஞ்சல். எங்கள் சாய்தளம் எங்கள் மனைக்குள்ளேயே இருக்கிறது. படி உயரம் 5½ அங்குலம், மிதி 12 அங்குலம், சொரசொரப்பான சாம்பல் கிரானைட். இழைத்த கல்லை மழை படுகிற படியில் போடாதீர்கள்.

தண்ணீர்க் கணக்கும் வெளிப்புற அழகில் சேர்த்திதான். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் பிளான் அப்ரூவலுக்காக ஒரு குழியைக் காட்டிவிட்டு அப்புறம் மூடிவிடுகிற வீடுகள் ஏராளம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு வருஷம் 600 மில்லிமீட்டர் பெய்தால் 55,000 லிட்டருக்கு மேல். கோவையில் அந்த அளவு பெய்யும். எங்கள் வீட்டில் மழைநீர்க் குழாயைச் சுவருக்குள் புதைக்கவில்லை. வடக்கு ஓரத்தில் கூரையிலிருந்து ஒரு சங்கிலி தொங்குகிறது, தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி உறைகிணற்றுக்குள் போகிறது. ஐப்பசி மழையில் அம்மாவும் பையனும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு தப்பும் நடந்தது. சன்ஷேடின் அடிவிளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் ஓட விட வேண்டும். அது இருந்தால்தான் மழைத் தண்ணீர் அந்த இடத்தில் அறுந்து சொட்டும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவரில் இறங்கும். மேற்கில் அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்ட நான், கிழக்கில் பூசுகிற அன்றைக்கு ஊரில் இல்லை. விட்டுப்போனது. இரண்டு மழைக்குள் வெள்ளைச் சுவரில் கண்மை கரைந்தாற்போல் கருப்புக் கோடுகள். இரண்டு முறை பெயின்ட் அடித்தும் திரும்ப வந்துவிட்டன. கடைசியில் கட்டிங் மெஷின் வைத்துப் பள்ளம் எடுத்தோம். ஒரு வீட்டின் வெளிச்சுவர் பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பது பெயின்ட் கம்பெனியைவிட இந்த விரல் அகலப் பள்ளத்தைப் பொறுத்தது. டெக்ஸ்சர் பெயின்ட்டும் எங்கள் ஊருக்கு ஆகாது. ஆடிக் காற்றின் புழுதி அதன் வரிகளில் ஏறினால் இறங்காது.

வீட்டின் வெளி என்றால் முன்பக்கம் மட்டும் இல்லை. இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தனக்காக உருவாக்கிய லுனுகங்கா தோட்டத்தில், நாளின் வேளைக்குத் தக்கபடி உட்கார வெவ்வேறு இடங்கள் வைத்திருந்தார். எங்களுக்கு இருப்பது 5 சென்ட். ஆனாலும் அந்த யோசனை உதவியது. காலையில் மேற்குப் பக்கம் முழுக்க வீட்டின் நிழலில்தான் இருக்கிறது, கீரைக்காரம்மா வருவதும் அப்போதுதான், அதனால் காலைக்கும் மாலைக்கும் திண்ணை. நடுப்பகல் தாண்டினால் கிழக்கே கொல்லைப்பக்கம் நிழல் விழுகிறது. அங்கே துவைக்கிற கல், கறிவேப்பிலை, ஒரு சிமென்ட் பெஞ்சு. ராத்திரிக்கு மொட்டை மாடி. கான்கிரீட் தளம் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுக்கும் என்பதால் வெள்ளை ஓடு பதித்தோம். எட்டு மணிக்கே பாய் போட்டுப் படுக்க முடிகிறது. வத்தல் காயப் போட அம்மாவுக்கு ஒரு மூலையை ஒதுக்கியாயிற்று. மாடியில் புல்தரையும் நீர்வீழ்ச்சியும் வைக்க ஒருவர் விலைப்பட்டியல் கொடுத்தார். பாய் போட இடம் போய்விடும் என்று விட்டுவிட்டோம்.

சங்கப் பாடல்களில் இல்லத்தின் முன் இடத்துக்கு முன்றில் என்று பெயர். இல்லுக்கு முன், இல்முன். அது புரண்டு முன்றில். இலக்கண வகுப்பில் இலக்கணப் போலி என்று படித்தது. இப்போது கட்டட வரைபடத்தில் அந்த இடத்துக்கு செட்பேக் என்று பெயர். பின்னால் தள்ளிவை என்கிற சொல் அது. அரசாங்க விதிக்காக விட்டுத் தொலைக்க வேண்டிய இடம் என்கிற எண்ணம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிட்டது. நான் மேஸ்திரியிடமும் இன்ஜினியரிடமும் வேண்டுமென்றே முன்வாசல் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாசத்தில் அவர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த முன்வாசலின் தென்மேற்கு மூலையில் ஒரு புங்கை. சுவரிலிருந்து 11 அடி தள்ளி, மூன்றடிக் குழி. சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸ் வைக்கச் சொன்னவர்கள் உண்டு. பறவைக்கும் ஆகாத, பூச்சிக்கும் ஆகாத மரம் எதற்கு? குஜராத் அரசு 2023-இல் அதை நடவே தடை போட்டது. புங்கை மாசியில் இலையைக் கொட்டிவிட்டு, வெயில் உறைக்கத் தொடங்குகிற நேரத்துக்குச் சரியாகத் தளதளவென்று துளிர்த்துவிடும். யாரும் சொல்லாமலே கணக்குத் தெரிந்த மரம். நாலாவது வருஷம் இது. சித்திரையில் பூ கொட்டியபோது முன்வாசல் முழுக்கப் பொரி இறைத்தாற்போல் இருந்தது. பங்குனியில் ஐந்தேகாலுக்கு ஜாலி வழியாக வந்த வெயில் காசுகள், இந்த வருஷம் தெற்கு ஓரத்தில் பாதி காணோம். மரம் தின்றுவிட்டது. அம்மா அந்த ஓரத்துக்கு நகர்ந்து உட்கார ஆரம்பித்திருக்கிறார்.

போன மாசம் எதிர் மனையில் வீடு கட்டுகிறவர் கையில் டேப்போடு வந்தார். பெங்களூரில் வேலை. அவருடைய அப்பாவும் அம்மாவும் இங்கே இருக்கப் போகிறார்களாம். திண்ணை நன்றாக இருக்கிறது, அளவு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அகலம் எழுதினார், நீளம் எழுதினார். உயரத்துக்குக் குனிந்தபோது அம்மா டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, உங்க வூட்டுல உக்கார்றது யாருங்?"

"அப்பாதாங்மா பெரும்பாலும். அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் முடியாது."

"அப்பா நல்ல உசரமுங்களா?"

"ஆமாங்மா. என்னைவிட உசரம்."

"அப்பறம் என்னோட அளவ எதுக்குங் எழுதறீங்? நாளைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங். பின்னால இன்னும் பழைய கல்லு கெடக்குது, அடுக்கிப் பாக்கலாம்."